ஒன்பதாம் வரிசை, ஐந்தாம் சீட்

டொலிடோ, ஒஹாயோ
அக்டோபர் 9

அன்புள்ள லொரேன் அக்காவுக்கு,

ஆர்னி எழுதுவது. நான் சுகம். இடது முட்டி மட்டும் சுகமில்லை. குளிர் வருவது எனக்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடுகிறது. அரிசோனா வெயிலுக்கு உன் மூட்டுவலி அடங்கியிருக்கிறதா? அடங்காவிட்டால் டாக்டரை மாற்று.

போன வருஷம் போனில் நீ இரண்டு தடவை பட்டென்று வைத்தாய், நான் மூன்று தடவை வைத்தேன். ஆட்டம் நடக்கிற மாதங்களில் போன் வேண்டாம், கடிதம் போதும் என்று நீதான் சொன்னாய். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. ஆகவே கடைசிவரை படி.

நம் ஊர் ஃபுட்பால் அணி பைலட்ஸ் ஐந்து ஆட்டம் ஆடி ஐந்தும் தோற்றுவிட்டது. எனக்கு ரொம்ப சந்தோஷம். வெயில் மண்டையில் ஏறி நீ மறந்திருப்பாய், அதனால் திரும்பச் சொல்கிறேன். எல்லாரையும்விட மோசமாகத் தோற்ற அணிக்குத்தான் ஏப்ரலில் நடக்கும் டிராஃப்டில் கல்லூரிப் பையன்களில் முதல் ஆளைப் பிடிக்கும் உரிமை. இந்த வருஷம் அந்த முதல் ஆள் ட்ரெவர் லாங்லி. ஐம்பது கெஜம் தள்ளி ஓடுகிறவன் கையில் பந்தைக் கொண்டுபோய் வைத்தமாதிரி வீசுகிறான். நமக்கு இருபத்திரண்டு வருஷமாக உருப்படியாகப் பந்து வீச ஒருத்தன் கிடையாது. ஏன்? வருஷா வருஷம் ஏழு ஜெயித்து ஒன்பது தோற்கிறோம். முதலும் இல்லை, கடைசியும் இல்லை. நடுச்சாக்கடை. இந்தத் தடவையாவது அடி ஆழம் வரை போகட்டும்.

பின் வரிசை டெல்பர்ட்டுக்கு இது பிடிக்கவில்லை. "டிக்கெட் வாங்கிட்டு வந்து தோக்கச் சொல்றியே, நீயெல்லாம் மனுஷனா?" என்றான். "நீ முப்பது வருஷமா ஜெயிக்கச் சொல்லிக் கத்துறியே, என்னத்தக் கிழிச்ச?" என்றேன். சாசேஜைக் கடித்தான்.

சிலர் வெட்கப்பட்டு மளிகைக்கடைக் காகிதப் பையைத் தலையில் கவிழ்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள். கோழைப் பயல்கள். நான் தோல்வி கேட்பதானால் முகத்தைக் காட்டிக்கொண்டு கேட்கிறவன். ஒன்பதாம் வரிசை, ஐந்தாம் சீட். பக்கத்தில் உன் ஆறாம் சீட்டில் வழக்கம்போல என் கோட்டு உட்கார்ந்திருக்கிறது.

உன் மூட்டுக்கு என் முட்டியின் விசாரிப்புகள்.

உன் தம்பி
ஆர்னி


டூசான், அரிசோனா
நவம்பர் 9

தம்பி ஆர்னிக்கு,

மூட்டு பரவாயில்லை. டாக்டரை மாற்றவில்லை. அவர் என்னிடம் பைலட்ஸைப் பற்றிப் பேசுவதில்லை, அதுவே பாதி வைத்தியம். நீ ராத்திரி பன்றிக்கறி தின்பதை விட்டாயா?

கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. உறையைப் பார்த்துத் தபால்காரி, "இன்னிக்குப் போர்க் சாப்ஸ் என்ன வெலையாம்?" என்று கேட்டாள். கறிக்கடையில் முப்பத்திரண்டு வருஷம் விலைப்பலகை எழுதிய கை உனக்கு மாறவே இல்லை. முகவரிக்குக் கீழேகூட வால் இழுத்து ஒரு சுழி.

தோற்கட்டும் என்கிறாயே, தோற்கப்போவது யார்? பயிற்சியாளனா? தோற்றால் அவன் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். ஆட்டக்காரர்களா? அந்த ட்ரெவர் வரும்போது அவர்களில் பாதிப் பேர் வீட்டில் இருப்பார்கள். முதலாளிக்கு எப்படி ஆனாலும் ஸ்டேடியம் நிறையும். ஆக, வேண்டுமென்றே தோற்க ஆசைப்படுவது நீயும் உன்னோடு பீர் குடிக்கிற அறுபதாயிரம் பேரும்தான். பந்தைத் தொடாத ஜனம். மற்றவன் முதுகெலும்பை உடைத்துக்கொள்ள, உனக்கு ஏப்ரலில் பரிசு வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கிற உங்கள் கிக்கருக்குத் தொடை கிழிந்தது பேப்பரில் படித்திருப்பாய். அவன் இடத்துக்கு ஆறு பேரைக் கூப்பிட்டு உதைக்கவிட்டுப் பார்த்தார்கள். எடுத்தது உன் மருமகனை. ஆமாம், என் பையன் வெஸ்லியை. நான்கு அணிகள் வேண்டாம் என்று அனுப்பிய கால் அது. இரண்டு வருஷமாகக் கொலம்பஸில் சோபா டெலிவரி செய்துவிட்டு, சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் தனியாக உதைத்துக்கொண்டிருந்தான். வயது முப்பத்தொன்று. இந்த எட்டு ஆட்டத்தில் ஒழுங்காக உதைத்தால் அடுத்த வருஷம் எங்கேயாவது வேலை. இல்லாவிட்டால் சோபா.

அவன் பெண்டாட்டி கேரனுக்கு மார்ச்சில் பிரசவம். குழந்தையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக ஆர்னி மாமாதான் நிற்கவேண்டும் என்கிறான். உன் அணி தோற்கவேண்டும் என்று இன்னும் வேண்டிக்கொள்கிறாயா?

கறியைக் குறை.

அக்கா லொரேன்


டொலிடோ
நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டி, கறி இரண்டும் அப்படியே இருக்கின்றன. உன் கடிதத்தைப் படித்துவிட்டு சமையலறையில் நின்று அழுதேன். வெங்காயம் நறுக்கவில்லை. ஞானத்தகப்பன்! கோயிலுக்கு ஒரு புது சூட் தைக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வெஸ் முதல் தடவையாக நம் மைதானத்தில் இறங்கினான். சின்ன வயதில் உனக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்து பாப்கார்ன் கொட்டினவன். உதைப்பதற்கு முன்னால் என்ன செய்தான் தெரியுமா? நிமிர்ந்து நேராக ஒன்பதாம் வரிசையைப் பார்த்தான். ஐந்தாம் சீட்டை. ஹெல்மெட்டை இரண்டு விரலால் இரண்டு தட்டு தட்டினான். பிறகுதான் உதைத்தான். மூன்று தடவையும் அப்படியே, மூன்றும் கம்பங்களுக்கு நடுவே போயிற்று. டெல்பர்ட் என் முதுகில் அடித்து, "யோவ், ஒன் மருமகன்னு சொல்லவே இல்லியே!" என்றான்.

ஆட்டம் முப்பத்தொன்றுக்கு ஒன்பது என்று தோற்றோம். அந்த ஒன்பதும் வெஸ் போட்டது, உதைக்கு மூன்று புள்ளி. பார்த்தாயா? பையனும் பிழைக்கிறான், அணியும் தோற்கிறது. பத்து ஆட்டத்தில் ஒரே வெற்றி. கடவுள் என் மாதிரிதான் யோசிக்கிறார்.

கேரனை நன்றாகச் சாப்பிடச் சொல்.

ஞானத்தகப்பன் ஆகப்போகும்
ஆர்னி


டூசான்
டிசம்பர் 14

தம்பிக்கு,

எனக்கு ஒன்றுமில்லை, உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தேன். போன தடவை ஆட்டம் முடிந்த கையோடு எழுதினவன். போன ஞாயிறு வெஸ் கடைசி நிமிஷத்தில் உதைத்து ஆட்டத்தையே ஜெயித்துக் கொடுத்தான். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

அவனிடம் கேட்டேன். "மாமா கை தட்டினாரும்மா. ஆனா எல்லாரும் எழுந்து நின்னாங்க, அவர் மட்டும் உக்காந்துக்கிட்டே தட்டினார்" என்றான். அவன் புகாராகச் சொல்லவில்லை. ஆனால் முப்பத்தொரு வயது ஆண்பிள்ளை மறக்காமல் சொன்னான்.

உங்கள் ஊர்ப் பேப்பரையும் படித்தேன். "இந்த வெற்றி நமக்குத் தேவையா?" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். ஒருத்தன் ஆசிரியருக்குக் கடிதமே எழுதியிருக்கிறான், கிக்கரை மாற்றவேண்டுமாம், ரொம்ப நன்றாக உதைக்கிறானாம்! உங்கள் ஊரில் ஆஸ்பத்திரி வைத்தால் நோயாளி பிழைத்தால் டாக்டரை அடிப்பீர்கள் போலிருக்கிறது.

உடம்பு எப்படி இருக்கிறது என்றாவது எழுது.

லொரேன்


டொலிடோ
டிசம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். உட்கார்ந்து கை தட்டியதற்குக் காரணம் என் முட்டி. குளிரில் எழுந்தால் உட்கார முடிவதில்லை, உட்கார்ந்தால் எழ முடிவதில்லை. இதைப்போய் ஒரு விஷயமாக எழுதுகிறாய்.

இப்போது நிலவரம் இதுதான். நமக்கு இரண்டு வெற்றி, சான் அந்தோனியோவுக்கும் இரண்டு வெற்றி. இன்னும் ஒரே ஆட்டம். அன்று அவர்கள் எப்படியும் தோற்பார்கள், அவர்கள் ஆடுவதைப் பார்த்தால் நாய்கூட சிரிக்கும். நாமும் தோற்றால் பழைய தோல்விகளின் கணக்கில் ட்ரெவர் நமக்கு. ஜெயித்தால் அவன் சான் அந்தோனியோவுக்கு. அடுத்த பதினைந்து வருஷம் அவன் அங்கே கோப்பை தூக்குவதை நான் டிவியில் பார்த்துக்கொண்டு சாகவேண்டும். எனக்கு அறுபத்தைந்து வயது அக்கா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்த ஊர் ஜெயித்துப் பார்க்க எனக்கு ஆசை இருக்காதா?

வெஸ் வெள்ளிக்கிழமை சாப்பிட வந்தான். முட்டைக்கோஸ் உருண்டை செய்திருந்தேன். நான் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாக, "கால் வழுக்கறது சகஜம்தானடா, யாரு என்ன சொல்லப் போறாங்க?" என்றேன். அவன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "மாமா, செவ்வாய்க்கிழம தோறும் புதுசா நாலு பேரக் கூப்பிட்டு ஒதைக்கச் சொல்லிப் பாக்கறாங்க. நான் அடுத்த மைதானத்துலேர்ந்து அதப் பாத்துக்கிட்டே பழகறேன்" என்றான். பிறகு உருண்டை நன்றாக இருக்கிறது என்றான். ஆனால் மிச்சம் வைத்துவிட்டுப் போனான்.

நீ இதைப் பெரிதாக்கமாட்டாய் என்று நினைக்கிறேன்.

உன் உடம்புக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளும்
ஆர்னி


டூசான்
ஜனவரி 2

தம்பி ஆர்னிக்கு,

புது வருஷம் உனக்கு நல்ல உடம்பைத் தரட்டும்.

நாற்பத்தெட்டு கெஜம். இரண்டு வினாடி மிச்சம். காற்று ஏரியிலிருந்து குறுக்கே அடிக்கிறது. எதிரணிப் பயிற்சியாளன் அவனை நடுங்கவைக்க வேண்டும் என்று நேரம் கேட்டு ஆட்டத்தை நிறுத்துகிறான். பையன் தனியாக நிற்கிறான். பிறகு உதைக்கிறான். நடுவே போகிறது. பைலட்ஸ் ஜெயிக்கிறது.

சொந்த ஊர் ஜனம் அறுபதாயிரம் பேரும் அவனைப் பார்த்து ஊளையிடுகிறார்கள். பீர் கோப்பை வந்து அவன் தோளில் விழுகிறது. இந்தக் கண்ணால் பார்த்தேன்.

ராத்திரி போனில் பேசினான். ஊளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னைப் பற்றித்தான் கேட்டான். "மாமாவுக்கு ஒடம்பு சரியில்லியாம்மா? அவர் சீட்டுல வேற யாரோ தலையில பை மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க" என்றான். பையில் ஏதோ எழுதியிருந்ததாம்.

எனக்கும் கவலையாகிவிட்டது. ஐம்பது வருஷத்தில் நீ அந்த சீட்டை யாருக்கும் கொடுத்ததில்லை. என்ன உடம்புக்கு? யார் அந்த ஆள்?

உடனே எழுது.

அக்கா


டொலிடோ
ஜனவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். காய்ச்சல். கடுமையான காய்ச்சல். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆரம்பித்து இப்போதுதான் விட்டது. அன்று எழுந்து நிற்கவே முடியவில்லை. சீட் வீணாகப் போகவேண்டாம் என்று லெஸ்டர் பிராண்ட் என்பவருக்குக் கொடுத்தேன். என்னோடு புதன்கிழமைகளில் பந்து உருட்டிக் கட்டை சாய்க்கிற பௌலிங் ஆடுகிறவர். அமைதியான மனிதர். பை மாட்டிக்கொண்டு போவார் என்று நான் கனவா கண்டேன்? கேள்விப்பட்டதும் நன்றாகத் திட்டிவிட்டேன்.

வெஸ் உதைத்ததை ரேடியோவில் கேட்டேன். நல்ல உதை. அவனிடம் சொல்.

சான் அந்தோனியோவும் தோற்றது. உனக்குத் தெரிந்திருக்கும். அதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

உன் மூட்டு எப்படி?

ஆர்னி


டூசான்
பிப்ரவரி 1

தம்பி ஆர்னிக்கு,

காய்ச்சல் விட்டது கேட்டு நிம்மதி. ஆரஞ்சுப் பழம் சாப்பிடு. இங்கே மூட்டு சுகம்.

வெஸ்ஸை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இருபத்துநான்கு வயசுப் பையன் ஒருவனை எடுத்துக்கொண்டார்களாம். வெஸ் உதைத்த பதினேழில் பதினாறு உள்ளே போயிருக்கிறது. மேனேஜர் கையைக் குலுக்கி, "நல்ல பையன்ப்பா நீ" என்றாராம். மற்ற அணிகள் கூப்பிடுமா என்று காத்திருக்கிறான். போன் அடித்தால் கேரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறாள், பல் டாக்டர் ஆபீசிலிருந்து யாராவது பேசுவார்கள்.

அந்த லெஸ்டர் பிராண்ட் விலாசத்தைக் கொடு. வெஸ் அவருக்கு ஒரு வரி எழுதவேண்டும் என்கிறான். கோபமாக இல்லையாம். ஒரு மனிதன் நல்ல குளிரில், இரவல் சீட்டில், தெரியாத ஒருவன் தோற்பதற்காக அவ்வளவு சிரமப்பட்டுப் பை தயார் செய்து வந்திருக்கிறானே, அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள ஆசையாம். எனக்கும்தான். அவருக்கு என்ன வேலை? பெண்டாட்டி பிள்ளைகள் உண்டா? பார்க்க எப்படி இருப்பார்?

விவரமாக எழுது.

அக்கா


டொலிடோ
பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

துக்கமான செய்தி. லெஸ்டர் இறந்துவிட்டார். போன வாரம், தூக்கத்திலேயே. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. தண்ணீர்க் குழாய் வேலை பார்த்தவர். பார்க்கச் சாதாரணமாக இருப்பார். செத்தவரைப் பற்றிக் குறை பேசவேண்டாம், வெஸ்ஸுக்கும் இதைச் சொல்லிவிடு. அந்தப் பை விஷயத்தை இத்தோடு விட்டுவிடலாம்.

பதினேழில் பதினாறு உதைத்தவனை விட்டுவிட்டார்கள் என்பதைப் படித்துவிட்டு, பேப்பர்க்காரனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

கேரன் நன்றாக இருக்கிறாளா? சூட் தைக்கக் கொடுத்துவிட்டேன். சாம்பல் நிறம்.

ஆர்னி


டூசான்
மார்ச் 4

தம்பிக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம், ஒருத்தர் கூடியிருக்கிறார். மார்ச் முதல் தேதி கேரனுக்குப் பெண் குழந்தை. ஹேசல் என்று பெயர். கால் நீளம். எல்லாரும் அதையே சொல்கிறார்கள்.

லெஸ்டர் பற்றிக் கேட்டு எனக்குத் தூக்கமே இல்லை. பாவம், யாரும் இல்லாத மனிதர். உங்கள் பங்குச் சாமியார் ஃபாதர் கோவாச்சுக்கு போன் போட்டு, அவர் ஆத்துமாவுக்காக ஒரு பூசை வைக்கச் சொல்லிவிட்டேன். மார்ச் 23, ஞாயிறு, பத்து மணிப் பூசை. நோட்டீஸிலும் பெயர் போடுவார்கள். ஃபாதருக்கு அவரை ஞாபகமே இல்லையாம். "ஆர்னிக்குத்தான் தெரியும், முன் வரிசையில உக்காரச் சொல்றேன்" என்றார். பூசைக்கு அப்புறம் கீழே காபி கொடுக்கும் இடத்தில் அவரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசப்போகிறவனும் நீதான்.

புது சூட்டைப் போட்டுக்கொள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடாதே.

அக்கா லொரேன்


டொலிடோ
மார்ச் 26

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கும் ஒன்றுமில்லை. காய்ச்சல் வரவே இல்லை.

முன் வரிசையில் உட்கார்ந்தேன். ஃபாதர் கோவாச், "மறைந்த நம் சகோதரர் லெஸ்டர் பிராண்ட்" என்று மூன்று தடவை சொன்னார். பௌலிங் ஆடுகிற ஐந்து பேரும் வந்திருந்தார்கள். "யாருய்யா லெஸ்டர்? நம்ம கூட எப்ப ஆடினான்?" என்று டெல்பர்ட் காதைக் கடித்தான். கீழே போனால் பெண்கள் எனக்காகக் கசகசா ரொட்டி சுட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். நெருங்கிய நண்பரை இழந்தவன் என்று ஒரு கிழவி என் கையைப் பிடித்து அழுதாள். அப்புறம் ஃபாதர், "ரெண்டு வார்த்த சொல்லுங்க ஆர்னி" என்றார்.

எழுந்தேன். சொன்னேன், "லெஸ்டர் ஒரு கோழைங்க. அடுத்தவன் பொழப்புல மண்ணு விழுந்தாலும் தன் டீமுக்கு நல்லது நடக்கணும்னு நெனச்ச ஆளு. தன்ன அண்ணாந்து பாத்த ஒரு பையனுக்கு மூஞ்சியக் காட்டப் பயந்து பையில ஒளிஞ்சுக்கிட்டாரு. எனக்கு அவர அவ்வளவாப் புடிக்காது." எல்லாரும் தலையாட்டினார்கள். ரொம்ப உண்மையாகப் பேசினேன் என்று ஃபாதர் கையைக் குலுக்கினார்.

நான்தான் அக்கா. பை என் தலையில்தான் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு தோற்கவேண்டும் என்று நினைக்க என்னால் முடியவில்லை, அதனால்தான் மாட்டினேன். மாட்டிய பிறகு சுலபமாக இருந்தது. பந்து கம்பங்களுக்கு நடுவே போனதும் எல்லாரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். பைக்குள் என் சத்தம் எனக்கே ரொம்பப் பெரிதாகக் கேட்டது.

வெஸ்ஸிடம் நீ சொல்லாதே. நானே சொல்கிறேன். எப்படி என்று தெரியவில்லை.

ஆர்னி


டூசான்
ஏப்ரல் 29

தம்பி ஆர்னிக்கு,

லெஸ்டர் உயிரோடு எழுந்தது கேட்டு மகிழ்ச்சி. உன் கடிதம் கையில் இருக்கிறது. பதில் எழுத ஒரு மாதம் ஆயிற்று, வேண்டுமென்றேதான்.

கடைசி ஆட்டம் நடந்த டிசம்பர் 29 அன்றே எனக்குத் தெரியும். ஒஹாயோக்காரர்கள் கூடுகிற பார் ஒன்று இங்கே உண்டு, அங்கேதான் ஆட்டம் பார்த்தேன். எதிரணி நேரம் கேட்டு நிறுத்தியதே, அப்போது கேமரா கூட்டத்தைக் காட்டியது. ஒரு காகிதப் பை. "கோணலா உதை வெஸ்" என்று கொட்டை எழுத்து. அடியில் வால் இழுத்து ஒரு சுழி. போர்க் சாப்ஸ் சுழி. பக்கத்து சீட்டில் உன் பழுப்புக் கோட்டு. எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவள், "எவனோ லூசு" என்று சிரித்தாள். "ஆமா, எவனோ" என்றேன். உன்னை எனக்குத் தெரியாது என்று சொல்லவைத்துவிட்டாயே, அதற்காகத்தான் லெஸ்டருக்குப் பூசை வைத்தேன்.

முகத்தை மறைத்தாய். சீட்டை மாற்றவேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை. அறுபதாயிரம் சீட்டில் அந்தப் பையன் அண்ணாந்து பார்ப்பது ஒரே ஒரு சீட். அதிலேயே போய் உட்கார்ந்தாய். ஏனென்றால் அது உன் சீட்.

வெஸ்ஸிடம் நீ சொல்லவேண்டியதில்லை. அவனுக்கும் அன்றே தெரியும். லெஸ்டர் விலாசத்தை அவன் கேட்டான் என்றது நான் கட்டிய கதை. ஞாயிற்றுக்கிழமை சொன்னான். "மாமா கோட்டு எனக்குத் தெரியாதாம்மா?" என்றான். பிறகு ஏன் யாரோ என்று என்னிடம் சொன்னாய் என்று கேட்டேன். "நீ அவர்கூடப் பேசறத நிறுத்திடுவியேன்னுதான்" என்றான். உதைக்கும்போது என்ன நினைத்தாய் என்றேன். "அதப் படிச்சேன். இனிமே அங்க பாக்க வேணாம்னு நெனச்சேன். ஹெல்மெட்டத் தட்டல. கம்பத்த மட்டும் பாத்து ஒதைச்சேன். அவ்வளவு லேசா நான் எப்பவும் ஒதைச்சதில்லம்மா" என்றான்.

எந்த அணியும் கூப்பிடவில்லை. சோபாக் கடையில் அவனை முழுநேரம் எடுத்துக்கொண்டார்கள். ஆக, அதுதான் அவன் உதைத்த கடைசிப் பந்து. அது நடுவே போயிற்று, ஊரே ஊளையிட்டது, ஊளையில் நீயும் இருந்தாய். உன் ட்ரெவர் போன வியாழக்கிழமை சான் அந்தோனியோவுக்குப் போய்விட்டான். அதையும் இதையும் நீ ஒரே தராசில் வைத்துப் பார்த்துக்கொள், எனக்கு அந்தத் தராசு வேண்டாம்.

ஞானத்தகப்பனாகக் கேரனின் அண்ணன் நிற்கிறான். இது என் முடிவு இல்லை, வெஸ்ஸின் முடிவு. சாம்பல் நிற சூட்டைப் போட்டுக்கொண்டு ஞானஸ்நான விருந்துக்கு வா. பின்னால் உட்கார இடம் இருக்கும்.

இன்னொன்று. ஆறாம் சீட் இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. அதை வெஸ் பெயருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். உனக்குத் தண்டனையாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன். அவன் என்னடாவென்றால், "சரிம்மா, போறேன்" என்கிறான். அவன் எந்த மண்ணால் செய்தவன் என்று பெற்ற எனக்கே தெரியவில்லை. செப்டம்பரிலிருந்து எட்டு ஆட்டமும் உன் பக்கத்தில் உட்காருவான். கோட்டை மடியில் வைத்துக்கொள். பைலட்ஸ் தோற்கவேண்டும் என்று தோன்றினால், அவன் பக்கம் திரும்பி, முகத்தைப் பார்த்துச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். முட்டிக்கு நல்ல டாக்டராகப் பார். எல்லாரும் எழுந்து நிற்கும்போது இனி நீயும் எழுந்து நிற்கவேண்டியிருக்கும்.

அக்கா
லொரேன்